ஏழு மணி மாத்திரை

செப்டம்பர் 3, புதன்

இன்று மிருக ஆஸ்பத்திரியில் என்னை நாய்களுக்கு எடை பார்க்கும் மேடையில் படுக்க வைத்தார்கள். எண்பத்து நாலு கிலோ காட்டியதாம். அங்கிருந்த நர்சம்மா என் காதுபடவே சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். நானூற்று நாற்பது வோல்ட்டில் கையை வைத்துவிட்டு, உதறிக்கொண்டு டீ குடிக்கப் போனவன் நான். ஒரு பூனையின் காலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதைப் பார்த்ததும் கண் இருட்டிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. கண்ணைத் திறந்தால் முதலில் தெரிந்த முகம் லோகேஸ்வரன். பூனையின் மருந்துச் சீட்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"மருமகனுங்களா?" என்று பக்கத்து பெஞ்சில் நாயோடு இருந்த அம்மா கேட்டார்.

"இல்லீங்க" என்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இந்த வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

பூனை என்ன தின்கிறது, எப்போது கக்குகிறது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால் இந்த டைரி. பேரிங் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. எனக்குப் படிப்பு பத்தாவது, அதுவும் ரெண்டு தடவை. தப்பிருந்தால் பூனை மன்னிக்கட்டும்.

பூனை பெயர் மைதா. வெள்ளை. என் மகள் சுகந்தியும் லோகேஸ்வரனும் கல்யாணமான மூன்றாம் மாதம் மழையில் பொறுக்கி வந்த குட்டி. இப்போது பதினோரு வயது. சித்திரையில் சுகந்தி பெட்டியோடும் பூனையோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரெண்டு பேரும் சம்மதித்துக் கோர்ட்டில் மனு போட்டாயிற்று. நவம்பர் பதினாலு கடைசி வாய்தா.

வந்ததிலிருந்து மைதா தட்டைக் காலி செய்கிறாள், ஆனால் இளைக்கிறாள். என் வீட்டுக்காரி துளசிமணி சரியாகச் சோறு வைப்பதில்லையோ என்று சந்தேகப்பட்டுத் தனியாக மத்தி மீன் வாங்கிப் போட்டேன். அதையும் தின்றுவிட்டு இளைத்தாள். தைராய்டாம். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வோல்டேஜ் கூடிப்போன மோட்டார். வேகமாகச் சுற்றும், சூடாகும், கவனிக்காவிட்டால் எரிந்துவிடும். ஆயுசு முழுக்கக் காலையும் மாலையும் பாதி மாத்திரை.

துளசிமணிக்கும் தைராய்டு உண்டு. "ஊட்ல ரெண்டு பொம்பளைக்கும் ஒரே வியாதி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், மைதா யார் கைக்கும் வாயைத் திறக்க மாட்டாள், அந்த ஆள் லோகேஸ்வரனுக்கு மட்டும்தான் திறப்பாள். அதனால் தினமும் ரெண்டு வேளை அவன் வந்து கொடுப்பதாக சுகந்தியும் அவனும் டாக்டர் மூலமாகப் பேசி முடித்தார்கள். நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்களே.

நவம்பர் பதினாலுக்குள் நான் மாத்திரை கொடுக்கக் கற்றுக்கொள்வேன். அதற்கப்புறம் அந்த ஆள் என் கேட்டைத் தொடக்கூடாது. எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், எழுதியும் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலை ஏழு மணிக்கு பைக் சத்தம். கட்டிலுக்கு அடியில் கிடந்த மைதா எழுந்து ஓடினாள். நான் ரெண்டு வருஷம் சோறு போட்டாலும் எனக்காக இப்படி ஓட மாட்டாள்.

அவன் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றான். மைதா காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறிக்கொண்டாள். பின்பக்கமாக அணைத்து, தலையைக் கொஞ்சம் தூக்கி, அடிநாக்கில் மாத்திரையைப் போட்டு, வாயை மூடி, மூக்கில் லேசாக ஊதினான். முழுங்கிவிட்டாள்.

"உள்ள வந்து பண்ணுனா சவுரியமா இருக்குமில்லீங்க" என்றாள் துளசிமணி.

"வாசப்படி மிதிக்கப்படாதுன்னு பத்துப் பேரு முன்னால சொல்லியிருக்காருங்க அத்தை. நான் சொன்ன பேச்சு கேக்கறவன்."

"அப்படிக் கேக்கறவங்களா இருந்தா கோர்ட்டு எதுக்கு?" என்றேன், செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு. அவனிடம் பேசுவதில்லை என்று சபதம். பேப்பரிடம் பேசலாம்.

"பேப்பர்ல வேற என்ன போட்டிருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க அத்தை" என்று வண்டியை எடுத்தான்.

முன்னெல்லாம் வாய்க்கு வாய் மாமா என்பான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை கடி. மாலை கீறல். மைதா நலம்.

செப்டம்பர் 12, வெள்ளி

இந்த வாரம் செய்து பார்த்தவை: நெய்யில் வைத்தேன், நெய்யை நக்கிவிட்டு மாத்திரையைத் துப்பினாள். தயிரில் கரைத்தேன், தயிரைத் தொடவில்லை. துண்டில் சுற்றிப் பிடித்தேன், துண்டு கிழிந்தது. ஒருமுறை முழுங்கிவிட்டாள் என்று நம்பி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மாத்திரை என் மீசையில் ஒட்டியிருப்பதாக சுகந்தி சொன்னாள். அவள் என்னிடம் இந்த வாரம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

"பேப்பரே, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க" என்றான். என் வித்தையை என்னிடமே காட்டுகிறான். "மோட்டார் காயிலுக்கு ஊத்தற வார்னிஷ் நாத்தம் கைல அப்படியே இருக்குது. மனுசனே கிட்ட வர மாட்டான். பூனைக்கு மூக்கு நம்மளவிட நூறு பங்கு."

முப்பத்தெட்டு வருஷமாக, எரிந்த மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் நஞ்சப்பா ரீவைண்டிங் ஒர்க்ஸ் நடத்துகிறேன். இந்தக் கையை நாத்தம் என்று சொன்ன முதல் ஆள். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். மைதா என்னைப் பார்த்ததும் பீரோ மேல் ஏறிவிட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

சாயங்காலம் ஒரு சிக்ஸர் அடித்தேன்.

மாத்திரை கொடுத்து முடித்ததும் அவன், "நவம்பருக்கு அப்புறம் மைதா யாருகிட்ட இருக்கும்?" என்று சுவரைக் கேட்டான். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நேராகவே சொன்னேன்:

"நீங்களே தூக்கிட்டுப் போயிருங்க. பதினோரு வருசத்துல உங்க ரெண்டு பேருக்கும்னு இருக்கறது அது ஒண்ணுதானுங்களே. பிள்ளைன்னு சொல்லிக்கலாம்."

நல்லா வாங்கினான். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துச் சுவர்மேல் வைத்தான். "இனி நீங்களே குடுத்துக்குங்க" என்று போய்விட்டான். போகும்போது பைக்கை ஸ்டார்ட் செய்யவே மூன்று தடவை உதைத்தான்.

திரும்பினால் கதவருகில் சுகந்தி நின்றிருந்தாள். ராத்திரி சாப்பிட வரவில்லை. ஆபீசில் வேலை அதிகம் போலிருக்கிறது.

ஆக, நவம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லாமலே ஜெயித்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

சுகந்தி விடியுமுன்பே ஓசூர் கிளம்பிவிட்டாள். ஆடிட் வேலையாம், ஒரு வாரம். என்னிடம் சொல்லவில்லை.

காலையில் மாத்திரையைத் தேடினால் அட்டையைக் காணோம். நேற்றுப் போட்டிருந்த சட்டைப் பையில் வைத்திருந்தேன். சட்டை வாஷிங் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் அட்டை முழுக்கப் பிசைந்த மாவு. துளசிமணியைத் திட்டினேன், பையைப் பார்த்துப் போட மாட்டாயா என்று.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"போன வருசம் ஐப்பசில சுகந்திக்கு நாலு மாசத்துல கலைஞ்சு போச்சு. அது உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு யாரும் சொல்லலியே?"

"எப்படிச் சொல்றது? உங்ககிட்டச் சொன்னா அதையும் ஒரு சிரிப்பாக்கிருவீங்கன்னு அவ சொல்ல வேண்டாம்னுட்டா."

அப்புறம் எழுந்து போய்த் துணியைக் காயப்போட்டாள்.

மைதா: ரெண்டு மத்தி மீன், கொஞ்சம் சோறு. கக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

பட்டறை லீவு.

மாத்திரை இல்லை. சீட்டு அந்த ஆளிடம் இருக்கிறது. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார்கள். போன் செய்தால் ஐந்து நிமிஷ வேலை. நம்பரும் இருக்கிறது, இன்னும் 'மாப்பிள்ளை' என்றுதான் இருக்கிறது. நாலு தடவை எடுத்து நாலு தடவை வைத்துவிட்டேன். என்னவென்று பேசுவது?

அப்போதுதான் பளிச்சென்று பட்டது. பிரிட்ஜ் மேல் துளசிமணியின் தைராய்டு மாத்திரை டப்பாவே இருக்கிறதே! தைராய்டுக்குத் தைராய்டு மாத்திரை. ஆளுக்கு முழுசு என்றால் பூனைக்குப் பாதி. நெத்திலிக் கருவாட்டைப் பிளந்து உள்ளே வைத்து நீட்டினேன்.

தின்றுவிட்டாள்! என் கையிலிருந்து! மீசையையும் தடவிப் பார்த்துக்கொண்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. சாயங்காலமும் தின்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரெண்டு வேளையும் கருவாடு, ரெண்டு வேளையும் மாத்திரை. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா ஒரு ஆள் பைக்கில் வந்து போய்க்கொண்டிருந்தான்? மைதா நல்ல சுறுசுறுப்பு. விடாமல் வீட்டைச் சுற்றி ஓடுகிறாள். மருந்து வேலை செய்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

மருந்து வேலை செய்தது.

காலையில் மைதா குளியலறை வாசலில் கிடந்தாள். வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்தாள். நெஞ்சில் கை வைத்தால் துடிப்பை எண்ண முடியவில்லை. பேரிங் போன மோட்டார் ஓடுகிற அதிர்வு. என்னைக் கடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

'மாப்பிள்ளை'யை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்தான்.

"மைதா மூச்சு வாங்கறா" என்றேன்.

"தூக்கிட்டு ரோட்டுக்கு வாங்க மாமா. வந்துட்டேன்."

மாமா என்றான். பதற்றத்தில் வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மைதாவை உள்ளே எடுத்துப்போய் மூச்சுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். எந்த மாத்திரை என்றார். பெயரைச் சொன்னேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். என் மனைவிக்குச் சுரப்பது குறைவு, அது கூட்டுகிற மாத்திரை. பூனைக்குச் சுரப்பது அதிகம், அதற்குக் குறைக்கிற மாத்திரை. ஏற்கெனவே ஓவர் வோல்டேஜில் ஓடுகிற மோட்டாருக்கு நான் இன்னொரு லைன் கொடுத்திருக்கிறேன்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அவன் எதிரே நின்றான். மற்றவர்கள் காதில் விழாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினான். எழுத முடியாது. நியாயமான திட்டுதான்.

"போன் பண்ணறதுக்கு என்னங்க கேடு உங்களுக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"போய்ச் சேந்திருந்தா சுகந்தி மூஞ்சில எப்படிங்க முழிப்பீங்க? அவ எத்தனைதானுங்க தாங்குவா?"

தரையில் நாய் முடி நிறைய இருந்தது.

சாயங்காலம் மைதா பிழைத்துக்கொண்டாள் என்றார்கள். மூன்று நாள் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். வெளியே வந்ததும் அவன் சொன்னான்:

"சுகந்திகிட்ட இதை நான் சொல்லப்போறதில்லை. ஆனா இனி ரோட்டுல நின்னு மாத்திரை குடுக்க மாட்டேன். உள்ள வருவேன். உக்காந்து குடுப்பேன்."

"சேர் போட மாட்டேன்."

"தரைல உக்காந்துக்கறேன்."

பேரம் படிந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

மைதா வீடு வந்துவிட்டாள். புது அட்டை, மருந்துச் சீட்டுக்கு ரெண்டு நகல். அவன் போர்ட்டிகோவில் தரையில் உட்கார்ந்தான். நான் சேரில். துளசிமணி உள்ளிருந்து இன்னொரு சேரைத் தூக்கிவந்து அவன் பக்கத்தில் டொக்கென்று வைத்துவிட்டு என்னை முறைத்தாள். அவன் சேரில் மைதாவை உட்கார வைத்தான்.

சுகந்தி ஓசூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "எதுக்கு இவரு உள்ள வர்றாரு?" என்று அம்மாவிடம் கேட்டாள். "உங்கப்பனைக் கேளு" என்றாள் அம்மா. என்னைக் கேட்கவில்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

பட்டறையில் மெஷினெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்துச் சீக்கிரம் வந்துவிட்டேன். மைதா எடை கூடியிருக்கிறாள். அதைக் கொண்டாடுகிற மாதிரி என் முழங்கையைக் கடித்தாள்.

பொரி, கடலை, ஒரு வாழைப்பழம் அவன் பக்கம் நகர்த்தினேன். வாயால் சொல்லவில்லை, கையால்தான்.

"விசம் கிசம் வெச்சிருக்குதா?" என்றான்.

"பாதி வெச்சிருக்குது."

"அப்ப முழுசா முழுங்கிறலாம்" என்று தின்றான். பிறகு, கேட்காமலே சொன்னான்: "பட்டறைக்குப் போறதுக்கு முந்தி குடுங்க. வந்தப்புறம் குடுத்தா வார்னிஷ்தான். கடலை மாவு போட்டுக் கழுவுங்க. அப்புறம், எதுக்க நிக்காதீங்க, பின்னால நில்லுங்க. நீங்க எதுக்க நின்னா எனக்கே கடிக்கலாமான்னு இருக்குது."

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வெடிச் சத்தத்துக்கு மைதா வாஷிங் மெஷினுக்குப் பின்னால் புகுந்துகொண்டாள். அவன் ஏழு மணிக்கு வந்து அங்கேயே தரையில் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் சுகந்தி. நடுவில் மெஷின்.

கால் மணி நேரம் அவன் மெஷினுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான். அப்புறம் சுகந்தி, "டார்ச்சை அவ கண்ணுக்கு நேரா அடிக்காதீங்க" என்றாள். "எனக்குத் தெரியும்" என்றான் அவன். "என்ன தெரியும் உங்களுக்கு?" என்று ஆரம்பித்தது. டார்ச்சில் தொடங்கி, பூனையின் தட்டு, அவன் அம்மா, அவள் ஆபீஸ் என்று போய், கடைசியில் "அன்னைக்கு ஆஸ்பத்திரில என்னைத் தனியா விட்டுட்டு வெளிய போய் நின்னீங்களே" என்று அவள் கத்தினாள். "உள்ள வந்தா அழுதுருவேன்னுதான்டி வெளிய நின்னேன்" என்று அவனும் கத்தினான்.

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். ஆறு மாதமாக வக்கீல்கள் வழியாகப் பேசியவர்கள் நேராகச் சண்டை போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வெடி போட்டால் வீட்டுக்குள்ளும் வெடிக்கத்தானே செய்யும் என்றேன்.

இதைத் துளசிமணியிடம் சொல்லவில்லை. சிரிப்பாக்குகிறேன் என்பாள்.

மைதா மாத்திரை: அரை மணி நேரம் தாமதம்.

நவம்பர் 9, ஞாயிறு

அவன் ஊருக்குப் போயிருக்கிறான், திங்கட்கிழமைதான் வருவேன் என்று நேற்றே துளசிமணியிடம் சொல்லிவிட்டுப் போனான். சுகந்தி தூங்குகிறாள்.

கடலை மாவு போட்டு முழங்கை வரை கழுவினேன். மைதா ஜன்னலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள். பின்னால் போய் நின்றேன். அவசரப்படவில்லை. மோட்டாரின் ஸ்டேட்டரில் முப்பது கேஜ் மெல்லிய செம்புக் கம்பியை இறக்கும்போது விரல் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தேன். அழுத்தினால் கம்பிமேல் பூசிய எனாமல் கீறிவிடும், கீறினால் காயில் மொத்தமும் எரிந்துவிடும். கம்பி போகிற பக்கம் விரலும் போக வேண்டும், அவ்வளவுதான்.

வாய் திறந்தது. மாத்திரை போனது. மூக்கில் ஊதினேன். முழுங்கினாள்.

யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

நவம்பர் 10, திங்கள்

அவன் வந்தான். அவனே கொடுத்தான். நான் பேப்பர் படித்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

கோர்ட்டில் சீக்கிரம் முடிந்துவிட்டது. மோட்டாருக்கு கேபாசிட்டர் மாற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. தீபாவளிச் சண்டைக்கு அப்புறம் மனசு மாறுவார்கள் என்று துளசிமணி நினைத்திருந்தாள் போல. மாறவில்லை. ரெண்டு பேரும் சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் அவன் சுகந்தியின் குடையை அவளிடம் கொடுத்தான், எப்போதோ அவன் வண்டியில் விட்டதாம். அவ்வளவுதான்.

இன்று இனி வர மாட்டான் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு பைக் சத்தம். மைதா ஓடினாள்.

கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வாங்க" என்றாள் துளசிமணி.

"இனி எந்த மொறைல வர்றதுங்க?" அத்தை என்று சொல்லவில்லை.

நான் நீட்டிய அட்டையிலிருந்து எடுத்து, சுவர்மேல் வைத்தே மாத்திரை கொடுத்தான். சுகந்தி வாசலில் வந்து நின்றாள். அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கோர்ட்டு வரைக்கும்தான்னு சொன்னீங்க. நாளையில இருந்து உங்களால முடியும்னா சொல்லுங்க. இவரை வர வேண்டாம்னு சொல்லிரலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைதாவும் பார்த்தாள். காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று இருந்தது.

நான் வலது கையை நீட்டினேன். ஆள்காட்டி விரலில் புதுக் கீறல், இன்னும் ரத்தம் காயவில்லை. "எங்க முடியுது கண்ணு? பாரு. காலைல பிடிக்கப் போனேன், இவ என்ன பண்ணியிருக்கான்னு பாரு."

அவன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குனிந்து விரலைப் பார்த்தான். பதினோரு வருஷம் பூனை வளர்த்தவன். என் பட்டறையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"கம்பி கிழிச்ச மாதிரி இருக்குது."

"பூனைங்க."

"எத்தனை கேஜ் பூனைங்க?"

"அதிகப் பேச்சு வேண்டாம்" என்றேன். "மாத்திரை குடுக்கறதா இருந்தா குடுங்க, இல்லீன்னா நடையக் கட்டுங்க."

சுகந்தி எங்கள் ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

அவன் வண்டியில் ஏறினான். "காலைல ஏழு மணி" என்றான் பேப்பரிடம். என் கையில் பேப்பர் இல்லை.

எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதனால் எழுதுகிறேன், யாரிடமும் சொல்லவில்லை. கோர்ட் நாள் என்று இன்று காலை அவன் வரவில்லை; கிளம்பும் முன் மைதா என் கையில் மாத்திரை வாங்கி முழுங்கினாள். முழுங்கிவிட்டு, கடலை மாவு வாசத்துக்கோ என்னவோ, என் விரலை நக்கிக் கொடுத்தாள். சாயங்காலம் அவன் கொடுத்தது மாத்திரை அல்ல. பைக் சத்தம் கேட்டதும் அட்டையில் அந்த இடத்தில் நான் ஒட்டி வைத்த சர்க்கரை மிட்டாய்த் துண்டு. இனி வர மாட்டான் என்று நினைத்து, நிஜ மாத்திரையை அவன் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன்.